அங்கமுத்து அண்ணனும் இளைய தொட்டியும்

பெரம்பலூர்க் கழிவுநீர் நிலையத்துச் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து முன்னால் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊர் வந்து சேரும்வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.

மறுநாளும் அதே பஸ். எனக்குப் பின்னால் ஆப்பரேட்டர் அங்கமுத்து அண்ணன் ஏறினார். சேறு காய்ந்த பேண்ட், காலில் ரப்பர் பூட்ஸ். உட்கார இடம் இருந்தும் என் இருக்கைக்கு நேராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ, "என்னய்யா இது, இந்த நாத்தம்?" என்று கேட்டதும் பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார்:

"எம்மேலதாங்க. டிரைனேஜ் வேலை. கொஞ்சம் பொறுத்துக்குங்க, குன்னத்துல எறங்கிடுவேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அரியலூர்ல வீடு எங்கம்மா?" என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்படி நாலு நாள். அதற்குள் மாற்றுச் சேலை கொண்டுவந்து வைத்துக்கொண்டு, குளித்துவிட்டுக் கிளம்ப நான் பழகிவிட்டேன். ஒரு மாதம் கழித்து வாட்ச்மேன் நல்லதம்பி பேச்சுவாக்கில் சொன்னார்: அங்கமுத்து அண்ணன் எந்த நாளும் சோப்புப் போட்டுக் குளிக்காமல், வெள்ளைச் சட்டை மாற்றாமல் பஸ் ஏறினதே கிடையாதாம். அந்த நாலு நாளைத் தவிர. நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. செபமாலை சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்வதோடு சரி.

அவர் பிறந்தது வாலிகண்டபுரம் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர் எட்டாவதோடு படிப்பை விட்டுக் கிணறு தூர்வாரப் போனார். பிறகு சாக்கடைக் குழிக்குள் இறங்குகிற வேலை. அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "அது ஆச்சு" என்பதற்கு மேல் சொல்லமாட்டார். நிலையம் கட்டினபோது சுத்தம் செய்கிற ஆளாகச் சேர்ந்து, பழைய ஆப்பரேட்டர் போனதும் அந்த இடத்துக்கு வந்தார். மனைவி சின்னம்மாள் நான் சேர்வதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள் சத்யப்பிரியா. உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்கள் இடத்துக்கு வந்து சேரும். தண்ணீரைத் தெளியவைத்து வெளியே விடுவார்கள். அடியில் தங்குகிற கசடை, மூடின இரண்டு பெரிய சிமெண்ட் தொட்டிகளுக்குள் ஏற்றுவார்கள். காற்றே புகாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று செரிக்கும். செரிக்கும்போது கேஸ் வரும். குழாய் வழியாக அது என் அடுப்புக்கு வரும். நாற்பது தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை டீயும் மதியச் சோறும் அதில்தான். ஆண்டவர் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்லுவார். நான் அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

முதலில் கட்டின தொட்டியை அண்ணன் மூத்தது என்பார். அடுத்ததை இளையது என்பார். மூத்ததுக்கு ஊர்ச் சாக்கடைக் கசடு மட்டும். வீடுகளின் செப்டிக் டேங்கை உறிஞ்சி லாரிகள் கொண்டுவருவது இளையதுக்குப் போகும். "மூத்தது பத்தியச் சாப்பாட்டுக்காரன். இளையவன் எதைப் போட்டாலும் தின்னுவான்" என்பார்.

உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேஸை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு, யாரும் வால்வைத் தொடுவதற்கு முன், அண்ணன் இரண்டு மீட்டரையும் பார்ப்பார். எண்ணை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லுவார். பிறகுதான் எழுதுவார். முந்தின நாள் எவ்வளவு கசடு ஏற்றினோம் என்பதைப் பக்கத்திலேயே எழுதுவார். "அம்பது குடுத்து நூறு வாங்குறது வேற. நூறு குடுத்து நூறு வாங்குறது வேற. வெறுமனே நூறுன்னு எழுதினா அது ஒண்ணும் சொல்லாது, புஷ்பம்."

அதோடு விடமாட்டார். இளையதின் கேஸ் டீ அடுப்புக்கு வரும்படி குழாய் போட்டிருந்தார். பெரிய குண்டானில் பத்து லிட்டர் தண்ணீர் வைத்தால் எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

சைட் இன்ஜினியர் அறிவுச்செல்வன் சார் அதைப் பார்த்து ஒருநாள் சிரித்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி.

"என்னண்ணே, டீக்கடைக் கணக்கெல்லாம் ரிஜிஸ்தர்ல ஏறியிருக்கு?"

"பென்சில்லதான் சார். வேணாம்னா அழிச்சுடுறேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இன்ஸ்பெக்ஷன் வந்தா ஆளுக்கு ஒரு டீ குடுத்துச் சமாளிச்சுக்குவோம்."

"மீட்டரு எவ்ளோ வந்துச்சுன்னுதான் சார் சொல்லும். வந்தது எரியிற கேஸான்னு அடுப்புதான் சொல்லும்."

லாரிகளில் ஒன்று அண்ணனுடைய மருமகன் வீரமணி ஓட்டுவது. சொந்த லாரி. அதை நம்பித்தான் அந்தக் குடும்பம். வீரமணி வந்தால் கேட்டில் ஒரே கலகலப்பு. நல்லதம்பி கதவைத் திறந்துகொண்டே, "வாங்க மாப்ள! மாமனாரு வூட்டுக்கு வெறுங்கையோட வரலாமா?" என்பார். "வெறுங்கையா? ஆறாயிரம் லிட்டரு கொண்டாந்துருக்கேன். எங்க எறக்கணும், சொல்லுங்க" என்பான் வீரமணி. மாமனார் எதிரில் வந்தால் மட்டும் சிகரெட்டைக் கீழே போட்டுவிடுவான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பத்து லிட்டர் தண்ணீர் கொதிக்க இருபது நிமிடம் ஆனது. மறுநாள் இருபத்து மூன்று. அண்ணன் வந்து அடுப்பைப் பார்த்தார். நீலமாக எரிகிற தீ, பர்னரை விட்டுத் தூக்கித் தூக்கி ஆடியது. மீட்டர் இன்னும் வழக்கமான நூற்றுப் பதினைந்துக்குக் குறையவில்லை. அவர் மட்டும் அன்றைக்கு மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாளிலிருந்து மீட்டரும் இறங்கியது. தொண்ணூற்றாறு. எழுபத்தொன்று. நாற்பது. தீ பிடித்துக்கொண்ட மாத்திரத்தில் பொசுக்கென்று அணைந்துபோனது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்கு வந்த அன்று நான் விறகு வைத்து டீ போட்டேன்.

அறிவுச்செல்வன் சார் பதற்றமாக வந்தார். "கேஸ் கொறைஞ்சா தீனி பத்தலைன்னு அர்த்தம். இன்னும் ஏத்துங்கண்ணே. நாப்பது பேருக்குச் சாப்பாடு நின்னா டவுன் பூரா போன் போட்டுப் புகார் சொல்லிடுவாங்க."

"சார், அது தின்னாம கெடக்கல. தின்னது ஒத்துக்காம கெடக்கு. புளிப்பு காட்டுற காயிதம் வச்சுப் பாத்தேன், உள்ள புளிச்சுப்போயிருக்கு. இப்ப மேல மேல ஊத்துனா மொத்தமா செத்துடும்."

"அப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?"

"பட்டினி போடணும்."

"பட்டினி போட்டா இருக்கிற கேஸும் வராதே! ஆபீஸுக்கு நான் என்ன சொல்ல?"

ஆபீஸ் என்றால் நிலையத்தை நடத்துகிற ஒப்பந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம். இரண்டு நாளில் அங்கிருந்து கடிதம் வந்துவிட்டது. சார் அதை அண்ணனிடம் வாசித்துக் காட்டினார். ஆப்பரேட்டர் அளவுக்கு மீறிக் கசடு ஏற்றியதால் தொட்டி கெட்டதாகத் தெரிகிறது. ஏழு நாளுக்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் ஆப்பரேட்டரை மாற்ற வேண்டும். தொட்டியைக் காலி செய்து மூடிவிட வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன், லாரிகள் கொட்டுகிற குழியின் கம்பி வலையைக் கழற்றி, கையுறையில்லாமல் தேய்த்துக் கழுவினார். மறுநாள் டீ வாங்கக் கையை நீட்டினபோது விரல் நுனிகள் கறுத்து, தோல் வெந்து உரிந்திருந்தன. நான் கல்யாணத்துக்கு முன்பு வரதராஜன்பேட்டையில் இருந்தவள். எங்கள் பக்கம் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கை தெரியும். நானும் முந்திரிக்கொட்டை உடைத்தவள்தான்.

"அண்ணே, இது முந்திரித் தோட்டு எண்ணெ."

"என்ன?"

"கொட்டையோட மேல்தோட்டுல இருக்கிற எண்ணெ. பட்டா இப்படித்தான் பொத்துப்போவும். ஒரு வாரத்துக்குச் சோத்துல கை வைக்க முடியாது. பலகையில பூசினா கரையான்கூட அண்டாது. அது போயி வயித்துக்குள்ள விழுந்தா எந்தப் பூச்சிண்ணே உசுரோட இருக்கும்?"

அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "முந்திரி ஆலை எங்கயெல்லாம் இருக்கு?" என்று கேட்டார்.

"ஆண்டிமடம் பக்கம்தான்."

அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மற்ற லாரிகள் பெரம்பலூர் டவுனுக்குள்ளேயே ஓடுகிறவை. ஆண்டிமடம் பக்கமிருந்து வருவது ஒரே ஒரு லாரி.

வருகிற வண்டிகளை எழுதுகிற கேட்டுப் புத்தகத்தில் நல்லதம்பி கையெழுத்தில் தேதி இருந்தது. வீரமணியின் லாரி அந்த வாரம் மூன்று தடவை வந்திருக்கிறது. முதல் தடவை வந்த மறுநாளில்தான் என் இருபது நிமிடம். நல்லதம்பி புத்தகத்தை மூடி, "ஒரு பக்கம் கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கலாம் அங்கமுத்து. எலி இல்லாத ரூமா இது?" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "கிழிக்காத" என்று மட்டும் சொன்னார்.

வீரமணி அடுத்த லோடு கொண்டுவந்த அன்று, லாரியைக் குழிக்குப் போகவிடாமல் சமையலறைக்கு எதிரில் நிறுத்தச் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"மாப்ள, போன வாரம் என்ன எறக்குனீங்க?"

வீரமணி முகமெல்லாம் சிரிப்பாக, "கேஸ் ஏறிடுச்சா மாமா?" என்றான்.

"பொங்கலுக்கு வந்தப்ப நீங்கதானே மாமா வருத்தப்பட்டீங்க, பனிக்கு இளையது மந்தமாயிடுச்சு, கேஸ் வரமாட்டேங்குதுன்னு? அங்க ஒரு ஆலையில தோடு கழுவுன எண்ணெத் தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. தோட்டப் போட்டா அடுப்பு என்னமா எரியுது! எண்ணெய்னா இன்னும் எரியுமேன்னு செப்டிக் தண்ணியோட கலந்து கொண்டாந்தேன். சொல்லிட்டுச் செஞ்சா வேணாம்பீங்கன்னுதான் சொல்லல."

"கலந்தது ஒரு தடவையா?"

"மூணு தடவையும். ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு எறக்க வேணாம். திருப்பிக் கொண்டுபோங்க."

அதுவரைக்கும் பையன் எதற்கோ ஆசைப்பட்டு ஆலைக்காரனுக்கு வேலை செய்துவிட்டான் என்றுதான் நான் மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் சந்தோஷப்படுவார் என்று செய்திருக்கிறான். அதைக் கேட்டபின் எனக்குத் திட்டவும் வரவில்லை. தோடு எரிகிற அடுப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சத்யப்பிரியா வந்தாள், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு. அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. லாரிக்காரர்களுக்கு உரிமம் கொடுக்கும்போதே, வேறு கழிவு கலந்து கொட்டினால் உரிமம் போய்விடும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சமையலறைத் தாழ்வாரத்தில் அப்பாவும் மகளும் நின்றார்கள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க எழுதலைன்னா என்னப்பா ஆவும்?"

"தொட்டிய மூடிடுவாங்க."

"மூடட்டும். பீத்தொட்டிதானே?"

"ஆமாம்மா. பீத்தொட்டிதான்."

"ஒங்க வேல போச்சுன்னா எங்க வூட்டுல வந்து இருங்க. நான் சோறு போடுறேன். அவரு லாரி நின்னா எங்களுக்கு யாருப்பா போடுவா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு ஒங்களுக்காகத்தானே ஊத்துனாரு? வேற யாருக்காவது செஞ்சாரா?"

"எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

"எண்ணெ விழுந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அதப் பட்டினி போட வுடுவாங்க சத்யா. இல்லாட்டி இன்னும் ஏத்து ஏத்துன்னுதான் சொல்லுவாங்க. உள்ள இன்னும் உசுரு இருக்கு. நாப்பது வந்துச்சு, நேத்து முப்பத்தாறு வந்துச்சு. ஒண்ணுமில்லாமப் போவல."

"உசுராம். பொண்ணு நிக்கிறேன், கண்ணுக்குத் தெரியல. பூச்சிக்கு உசுரு இருக்குன்னு சொல்றாரு பாருங்க அத்தை! நீங்களாவது சொல்லுங்க."

தண்ணீர் கொதித்த நிமிடங்களையெல்லாம் பார்த்துச் சொன்னவளே நான்தான். குழந்தை என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அண்ணன் கேட்டுவரைக்கும் பின்னாலேயே போனார். "வெயில்ல நடக்காத, ஆட்டோ கூப்புடுறேன்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் நிற்கவில்லை.

மறுநாள் காலை மீட்டர் பார்த்து எழுதின பிறகு, அதன் கீழே குறிப்பு என்கிற இடத்தில் அவர் பேனாவால் எழுதினார். அந்தக் குறிப்பை நானும் படித்தேன்:

'இளைய தொட்டியில் முந்திரித் தோட்டு எண்ணெய் கலந்த தண்ணீர் மூன்று லோடு இறங்கியிருக்கிறது. ஓட்டி வந்தவர் வீரமணி, என் மருமகன். கேஸ் குறைவு என்று அவரிடம் வீட்டில் பேசியது நான். வாடை பார்க்காமல், சொந்தக்காரர் வண்டி என்று இறக்கவிட்டதும் நான்.'

அறிவுச்செல்வன் சார் படித்துவிட்டுக் கடைசி வரிகளில் விரலை வைத்தார். "கடைசி ரெண்டு வரி வேணாமேண்ணே. அத வச்சே ஒங்கள அனுப்பிடுவாங்க."

"அதுவும் நடந்ததுதானே சார். மாப்ள பேர மட்டும் எழுதிட்டு எம்பேர வுட்டா எப்படி?"

சார் பென்சில் நிமிடங்களையும் மீட்டர் எண்களையும் கேட்டுப் புத்தகத் தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி அனுப்பினார். டீக்கடைக் கணக்கு என்று அதற்குப் பிறகு அவர் சிரித்ததில்லை. ஆபீஸ் அண்ணனை எச்சரித்து விட்டுவிட்டது. வீரமணியின் உரிமத்தை ரத்து செய்தார்கள். ஒரு வருடத்துக்கு நிறுத்தினால் போதாதா என்று சார் பேசிப் பார்த்தார். அண்ணனும் ஆபீஸுக்குப் போய், "எனக்கு எச்சரிக்கை, அவருக்கு மட்டும் ரத்தா? என்னையும் அனுப்பிடுங்க, இல்ல ரெண்டு பேரையும் வுடுங்க" என்று கேட்டாராம். அங்கே ஒன்றும் எடுபடவில்லை.

தொட்டியைப் பன்னிரண்டு நாள் பட்டினி போட்டார்கள். பட்டினி தொடங்கின அன்று அண்ணன் என்னிடம், "ஒங்க நோன்பு மொத்தம் எத்தன நாளு?" என்று கேட்டார். நாற்பது என்றேன். "இதுக்கும் அவ்ளோ ஆவும்" என்றார். சுண்ணாம்புப் பாலைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மூத்த தொட்டியிலிருந்து நல்ல கசடைப் பம்பு வைத்து இளையதுக்கு மாற்றினார், பாலுக்கு உறை ஊற்றுகிறமாதிரி. மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றினார். பதின்மூன்றாம் நாள் தீனி ஆரம்பித்தது. வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு. மறுநாள் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பங்கு.

இருபத்திரண்டு. இருபத்திரண்டு. பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதை அவர் மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னார். பிறகு இருபத்தெட்டு. முப்பத்தைந்து. நான் விறகுப் புகையில் கண்ணெரிச்சலோடு சமைத்துக்கொண்டே, ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். தொட்டிக்காகவா, அந்த வீட்டுக்காகவா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் டீ அடுப்பில் தீ பிடித்தது. அணையவில்லை. இருபத்தாறு நிமிடம். ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம் பதினெட்டுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, பதினெட்டு!" என்று நான் கத்தினேன். அவர் பென்சிலால் குறித்துக்கொண்டு, கம்பி வலை கழுவப் போய்விட்டார்.

வீரமணி கொஞ்ச நாள் லாரியை வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தான். பிறகு விற்றுவிட்டு, அரியலூரில் சிமெண்ட் லாரிக்கு டிரைவராகப் போனான். வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. சத்யப்பிரியா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டுமே என்று அண்ணன் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து, சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போனார். நல்லதம்பியும் கூடப் போயிருந்தார். உள்ளே டிவி ஓடியிருக்கிறது. கதவு திறக்கவில்லை. சீரை வாசல்படியில் வைத்துவிட்டு, கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "ஒரு வார்த்த பேசல புஷ்பம், பஸ்ஸு பூரா. எனக்குத்தான் அழுகையா வந்துச்சு" என்றார் நல்லதம்பி. மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் வழக்கம்போல மீட்டர் பார்த்தார்.

அவருக்கு அறுபது முடிந்தது. வைகாசி மாதத்தோடு ஒப்பந்தம் தீர்ந்தது. ஆவணியில் நெஞ்சுவலி வந்து உடையார்பாளையத்தில், மகள் வீட்டில், காலமானார். எனக்குச் செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அவர் ஆன்மா சாந்திக்கு ஒரு பூசை கொடுத்தேன். சாமியார் பெயர் கேட்டார், சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது வேலை முடிந்த அந்த நாள்தான். புதிதாக வந்த ஆப்பரேட்டரிடம் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, மதியம் சோறு பரிமாறுகிற நேரத்துக்குச் சமையலறைப் பக்கம் வந்தார். கையில் ஒரு துணிப்பை. உட்காருங்கண்ணே, சாப்பிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அண்ணே, அன்னிக்கு எழுதாம இருந்திருக்கலாமோன்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"எழுதாம எப்படி?" என்றார். "ஆனா எழுதுறதுக்கு முன்னாடி அவ வூட்டுக்குப் போயி, மாப்ளகிட்டயும் அவகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதியிருக்கணும். அவளாத் தேடி வந்து கேக்கிறமாதிரி வச்சுட்டேன். அது தப்பு" என்றார்.

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நேத்து சத்யா போன் பண்ணுனா, புஷ்பம். அவ பேசி ஒன்னேகால் வருசம் ஆச்சு. 'அப்பா, சாப்ட்டீங்களா?'ன்னா. அவ்ளோதான் கேட்டா. சாப்ட்டேம்மான்னு சொல்லிட்டேன். சாப்புடல. போயி அவ வூட்டுலதான் சாப்புடணும். வரேன்."